பொடிக்கொசுவும் குதிரையும்: நான் திருத்த வேண்டிய ஒரு பாடம்



இது நீளமான பதிவு. வழக்கம்போல "சார், சுருக்கமா எழுதுங்க" என்று பின்னூட்டம் போடப்போகும் 1996 பேட்ச் ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதைச் சுருக்க முடியவில்லை. ஒரு வாரமாக எழுதி எழுதி அழித்த பதிவு.

போன மாதம், டென்மார்க்கில் இருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி ஒரு குதிரைப் படம் அனுப்பினாள். அவள் மகள் குதிரையேற்றம் கற்றுக்கொள்ளும் இடத்தில் எடுத்தது. குட்டையான, பிடரி மயிர் அடர்ந்த குதிரை. ஆனால் அந்தப் பிடரி மயிரைக் காண முடியாதபடி காது முதல் வால் வரை போர்வை போட்டு மூடியிருந்தார்கள். வயிற்றுக்குக் கீழேயும் ஒரு பட்டை. கண், மூக்கு, கால்கள் மட்டும் வெளியே. "சார், இங்கே இப்போ கோடை. எங்களுக்கே வேர்க்குது. இதுக்கு எதுக்கு சார் போர்வை? எதைக் கேட்டாலும் ஒரு கதை வெச்சிருப்பீங்களே" என்று கேட்டிருந்தாள்.

எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றாலும் 'தெரியாது' என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. "இரவுக் குளிருக்காக இருக்கும்மா" என்று அடித்துவிட்டேன். மறுநாள் அவளே விசாரித்துவிட்டு எழுதினாள்: "குளிருக்கு இல்லை சார், கொசுவுக்காம். இது ஐஸ்லாந்துக் குதிரை. இந்த ஊர்க் கொசு இதுக்கு ஒத்துக்காதாம். கடிச்சா சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வந்துடுமாம்."

சொறிந்து சொறிந்து ரத்தம் வரும் குதிரை என்றதும் எனக்கு 1984ஆம் வருஷம், நம் ரயிலடி ஜட்கா ஸ்டாண்டு, ஒரு வெள்ளைக் குதிரை, அதன் மயிரில்லாத வால், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அதோடு ஒரு வகுப்பில் நான் சொன்ன ஒரு வாக்கியமும். அந்த வாக்கியத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் குதிரையின் கதை.

குதிரைகளுக்கு வரும் இந்த அரிப்புக்கு ஆங்கிலேயர்கள் 'ஸ்வீட் இட்ச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இனிப்பான அரிப்பு! பெயர் வைத்தவருக்கு அரித்திருக்காது. ஆஸ்திரேலியாவில் அது 'குயின்ஸ்லாந்து இட்ச்'. ஜெர்மனியில் 'கோடைப் படை' என்ற பொருளில் ஒரு பெயர். ஊருக்கொரு பெயர் இருந்தாலும் அடையாளம் ஒன்றுதான். பிடரியிலும் வால் அடியிலும் தொடங்கும். குதிரை தூண், மரம், வேலி என்று எது கிடைத்தாலும் உரசும். மயிர் உதிரும், தோல் உரியும், நீர் கசியும், புண்ணில் ஈ மொய்க்கும். சில வருஷங்கள் இப்படியே போனால் தோல் யானைத் தோல் போலத் தடித்து மடிப்பு விழுந்துவிடும். பருவம் மாறினால் தானாக அடங்கும். அடுத்த வருஷம் அதே பருவத்தில் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பும்.

இதில் பல தலைமுறைகளைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. ஒரே லாயம், ஒரே தீனி, ஒரே தண்ணீர். ஒரு குதிரை துடிக்கும், பக்கத்தில் கட்டியிருப்பது அமைதியாகப் புல் மேயும். பூச்சிதான் காரணம் என்றால் இரண்டையும்தானே கடிக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால் பழி வேறு பக்கம் போயிற்று. ரத்தம் கெட்டுவிட்டது என்றார்கள். தீனியில் சூடு அதிகம் என்றார்கள். பரம்பரை சரியில்லை என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ப்பவன் சுத்தமாக வைத்திருக்கவில்லை என்றார்கள். கடைசிப் பழி சொல்வதற்கு மிகவும் வசதியானது. எதிர்த்துப் பேச அவனுக்கு இடம் கிடையாது.

விடையை முறையாகக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவில் ரீக் என்ற ஆராய்ச்சியாளர். 1950களின் தொடக்கத்தில் குயின்ஸ்லாந்துக் குதிரைகளை வைத்து அவர் செய்த வேலை எளிமையானதுதான். பூச்சிகளைப் பிடித்து அரைத்துச் சாறு எடுத்து, குதிரைத் தோலில் மிகச் சிறிய அளவு ஊசியால் செலுத்திப் பார்த்தார். அரிப்பு நோய் உள்ள குதிரைகளுக்குக் 'கியூலிகாய்டஸ்' என்ற பூச்சியின் சாறு பட்ட இடம் தடித்து வீங்கியது. அதாவது பூச்சி எல்லாக் குதிரைகளையும்தான் கடிக்கிறது. அதன் உமிழ்நீரை ஒரு குதிரையின் உடம்பு பொருட்படுத்துவதில்லை, இன்னொன்றின் உடம்பு பெரிய பகை வந்ததுபோல ஆர்ப்பாட்டம் செய்கிறது. நம் வீட்டிலேயே ஒருவர் கத்தரிக்காயை ரசித்துச் சாப்பிடுவார், இன்னொருவர் உதடு வீங்கி உட்கார்ந்திருப்பார் இல்லையா, அதே ஒவ்வாமைதான். என் மைத்துனர் இதைப் படித்தால் சிரிப்பார்.

கியூலிகாய்டஸ் என்று ஒவ்வொரு முறையும் எழுத எனக்கும் கஷ்டம், படிக்க உங்களுக்கும் கஷ்டம். இனி பொடிக்கொசு என்றே எழுதுகிறேன். உண்மையில் அது கொசு இனம் அல்ல, ஆனால் குணம் அதே குணம். நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். கையில் உட்கார்ந்தால் மிளகுத்தூள் ஒட்டியதுபோல இருக்கும். பெண் பூச்சி மட்டும் கடிக்கும், முட்டை வைக்க ரத்தம் வேண்டும். ஈரமண், சேறு, அழுகிய இலை, சாணம் இவைதான் அதன் பிள்ளைப்பேற்று இடம். குயின்ஸ்லாந்தில் குதிரைகளைப் பாடாய்ப் படுத்தும் வகை மாட்டுச் சாணத்தில் வளர்வது. பெரும்பாலான வகைகள் பொழுது சாய்ந்த பிறகும் பொழுது விடியும் நேரத்திலும்தான் கிளம்பும். காற்று கொஞ்சம் பலமாக வீசினால் பறக்க முடியாது. இந்த மூன்று விஷயங்களையும் (ஈரம், அந்தி, காற்று) ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்லும் தடுப்பு முறை எல்லாம் இவற்றிலிருந்து பிறந்தவை.

இங்கிலாந்தில் இதே பூச்சிக் குடும்பம்தான் காரணமாக இருக்கும் என்று மெல்லரும் மெக்கேய்கும் எழுதியது 1974ல். குயின்ஸ்லாந்திலிருந்து செய்தி இங்கிலாந்துக்கு வந்து ஊன்ற இருபது வருஷம்.

இப்போது போர்வை போட்ட குதிரைக்கு வருவோம். ஐஸ்லாந்துக் குதிரையின் வரலாறு என் போன்ற ஆட்களுக்கு விருந்து. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் நார்வே பக்கத்திலிருந்து படகில் போன குடியேறிகள் தங்களோடு கொண்டுபோன குதிரைகளின் வாரிசுகள் இவை. அதற்குப் பிறகு வெளியிலிருந்து குதிரை கொண்டுவரக் கூடாது என்று அவர்களுடைய நாட்டுச் சபை 982ல் தடை விதித்தது என்பது மரபு. இன்றும் அந்தத் தடை சட்டமாக இருக்கிறது. இன்னும் கடுமை என்னவென்றால், அங்கிருந்து ஒரு குதிரை வெளிநாடு போய்விட்டால் அது சொந்த மண்ணுக்குத் திரும்பவே முடியாது. வெளியூர் நோயைக் கொண்டுவந்துவிடும் என்ற பயம். உலகப் போட்டியில் ஓடுவதற்காக அனுப்பினாலும் அப்படித்தான். ஜெயித்தாலும் தோற்றாலும் வெளியூரிலேயே விற்றுவிட்டு வருவார்கள். திருமணம் ஆகி அக்கரை போன பெண்கள் தீபாவளிக்காவது வருவார்கள். இந்தக் குதிரைகளுக்கு அதுவும் இல்லை.

ஆயிரம் வருஷம் அந்தத் தீவில் வாழ்ந்த குதிரைகளுக்கு, குதிரையைக் கடிக்கும் பொடிக்கொசுவோடு பழக்கம் இல்லாமலே போயிற்று. குளிரில் வளர்ந்து, திடகாத்திரமாக, ஐந்தாறு வயதில் விற்பனையாகி டென்மார்க்குக்கோ ஜெர்மனிக்கோ வந்து இறங்கும். முதல் கோடை ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது கோடையில் சொறியத் தொடங்கும்.

1980களில் ஸ்வீடனில் ஐஸ்லாந்துக் குதிரைகளைக் கணக்கெடுத்தார்கள். தீவிலிருந்து இறக்குமதியான குதிரைகளில் 26 சதவீதத்துக்கு இந்த நோய். அதே இனம், அதே ரத்தம், ஆனால் ஸ்வீடனிலேயே பிறந்த குதிரைகளில் சுமார் 7 சதவீதத்துக்குத்தான். நார்வேயில் எடுத்த கணக்கும் ஏறக்குறைய இதையே சொன்னது. 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏற்றுமதியான 330 குதிரைகளைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் நோய். பொடிக்கொசு நிறைந்த பகுதிகளில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தவற்றில் பாதிக்கு மேல்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ரத்தம்தான் குற்றவாளி என்றால் ஸ்வீடனில் பிறந்த குட்டிக்கும் அதே அளவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வளர்ப்பவரின் அசட்டைதான் காரணம் என்றால், ஒரே ஆள் வளர்க்கும் இரண்டு குதிரைகளுக்குள் ஏன் இந்த வித்தியாசம்? பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய வித்தியாசம் எங்கே வருகிறதென்றால், பிறந்ததிலிருந்து அந்தப் பூச்சியோடு பழகிய உடம்பா, வளர்ந்த பிறகு திடீரென்று சந்தித்த உடம்பா என்பதில்தான். குட்டியாக, ஒரு வயது நிறையும் முன்பே தீவை விட்டு வந்தவைக்கும் ஆபத்து குறைவு என்று கண்டிருக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டிலிருந்து ஐஸ்லாந்தின் கெல்டூர் ஆய்வகமும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பொடிக்கொசுவின் உமிழ்நீரில் எந்தெந்தப் புரதங்கள் இந்த வேலையைச் செய்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அதிலிருந்து தடுப்பூசி செய்யப் பாடுபடுகிறார்கள். கப்பல் ஏறுவதற்கு முன்பே குதிரையின் உடம்புக்கு இந்தப் பகையை மெதுவாக அறிமுகப்படுத்திவிடுவது என்பதுதான் யோசனை.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் தாண்ட மனமில்லை. இதே பொடிக்கொசு ஆப்பிரிக்காவில் செய்தது வெறும் அரிப்பு அல்ல, படுகொலை. 'ஆப்பிரிக்கக் குதிரை நோய்' என்ற வைரஸ் நோயைப் பரப்புவது இதுதான். 1854-55ல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 70,000 குதிரைகள் செத்தன. நோயைப் பொடிக்கொசு பரப்புகிறது என்று டு டாய்ட் நிறுவியது 1944ல்தான். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே அந்த ஊர்க் குடியானவர்கள் குதிரையைப் பொழுது சாயும் முன் லாயத்தில் அடைத்துவிடுவார்கள், காலையில் பனி உலர்ந்த பிறகுதான் வெளியே விடுவார்கள், நோய்க்காலத்தில் மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போவார்கள். கேட்டால் 'இரவுப் பனியில் விஷம் இருக்கிறது' என்பார்கள். அவர்கள் சொன்ன காரணம் தப்பு, செய்த காரியம் நூற்றுக்கு நூறு சரி. பரீட்சைத் தாளில் விடை சரியாக இருந்து வழிமுறை தப்பாக இருந்தால் நான் பாதி மதிப்பெண் போடுவேன். இவர்களுக்கு முழு மதிப்பெண் போட வேண்டும், ஏனென்றால் குதிரை பிழைத்தது. அந்த நோய் 1960ல் நம் நாடு வரை வந்தது. மேற்கு ஆசியாவிலும் தெற்கு ஆசியாவிலுமாக அப்போது 3 லட்சத்துக்கு மேல் குதிரையும் கழுதையும் மடிந்தன.

ஆடு வளர்க்கும் நம் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1997-98ல் தமிழ்நாட்டில் செம்மறி ஆடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோன நீலநாக்கு நோயையும் பரப்பியது இந்தப் பொடிக்கொசுக் கூட்டம்தான். சித்தப்பா பட்டியில் பதினேழு ஆடு போனது நினைவிருக்கும்.

இன்னொருவர் கிரிஃபித் எவான்ஸ். பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவர். 1880ல் டேரா இஸ்மாயில் கான் பகுதியில் 'சுர்ரா' என்ற நோயால் சாகும் குதிரைகளின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நெளியும் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். அது ஒவ்வாமை அல்ல, வேறு நோய். கடத்துவதும் பெரிய குதிரை ஈக்கள். நான் இவரைச் சொல்வதற்குக் காரணம், பெரிய ஈ கடித்துத்தான் இது வருகிறது என்று உள்ளூர் மக்கள் நம்பியதை ஒதுக்கிவிடாமல் காதில் வாங்கிக்கொண்டவர். ஒட்டுண்ணிதான் காரணம் என்று அவர் சொன்னதை அன்றைய பெரிய மருத்துவர்கள் ஏற்கவில்லை. மனிதர் 100 வயது வரை இருந்து, தான் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் 1935ல் கண்ணை மூடினார்.

சரி, வைத்தியம் என்ன? கொடைக்கானலில் சுற்றுலாக்காரர்களுக்குக் குதிரை விடும் நம் பழைய மாணவர் போனில் கேட்டதால் இதையும் எழுதுகிறேன். தம்பி, நான் சொல்வது வரலாறு. மருந்துக்குக் கால்நடை மருத்துவரிடம் போ.

ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்ட குதிரைக்கு அதை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஸ்டீராய்டு கொடுத்தால் அரிப்பு சட்டென்று அடங்கும். ஆனால் அதிகமாகவோ நீண்ட நாளோ கொடுத்தால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நொண்டிவிடும் அபாயம் உண்டு. நமக்குத் தும்மலுக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரை வகை குதிரைக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. பழைய மருந்து ஒன்று பென்சைல் பென்சோயேட். சொறி சிரங்குக்கு ஆஸ்பத்திரியில் வெள்ளையாக ஒரு பாட்டிலில் கொடுப்பார்களே, அதேதான். பருவம் தொடங்கும் முன்பே பிடரியிலும் வாலடியிலும் தினம் தடவினால் பூச்சி அண்டாது. புண்ணான பிறகு தடவினால் எரியும், குதிரை உதைக்கும். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தும் உண்டு. லாயத்தில் பூனை வளர்ப்பவர்கள் கவனம், பூனைக்கு அது எமன்.

இதனால்தான் எல்லா ஊரிலும் கடைசியில் வந்து நின்றது தடுப்பில். பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பே உள்ளே கட்டுவது, வெயில் ஏறிய பிறகு அவிழ்ப்பது. லாயத்தில் மின்விசிறி வைப்பது. காற்றில் அந்தப் பூச்சிக்குப் பறக்க வராது என்று முன்னே சொன்னேன். குட்டை, சேறு, சாணக்குவியல் இவற்றிலிருந்து தள்ளி, காற்றோட்டமான மேட்டில் மேய விடுவது. ஜன்னலுக்கு வலை அடிப்பது. அதுவும் சாதாரணக் கொசுவலை உதவாது, அதன் கண்ணில் பொடிக்கொசு தாராளமாகப் புகுந்து வரும், இன்னும் நெருக்கமான வலை வேண்டும். அப்புறம் அந்தப் போர்வை. அதைப் பருவம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும், அரிப்பு வந்த பிறகு போட்டால் குதிரை அதைக் கிழித்துத் தூணில் மாட்டிவிடும்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன்.

மார்க்கோ போலோ நம் பாண்டிய நாட்டுக்கு வந்தது 1290களின் தொடக்கத்தில். அவர் குறிப்பை என் வகுப்பில் உட்கார்ந்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், அவ்வளவு முறை சொல்லியிருக்கிறேன். இங்கே மன்னர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள், குதிரைக்குச் சோறும் கறியும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்று அவர் எழுதிவைத்தார். அதே காலத்துப் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப், வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை, ஒவ்வொன்றும் 220 தினார் என்று கணக்கு சொல்லி, இங்கு வந்த குதிரைகள் சீக்கிரமே வீணாகிவிடுகின்றன என்றார்.

இதை வைத்து முப்பது வருஷம் நான் நடத்திய பாடத்தின் சாரம்: நம் ஆட்களுக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது. கோவில் தூணில் குதிரையைச் செதுக்கத் தெரிந்தவனுக்கு லாயத்தில் அதைக் காப்பாற்றத் தெரியவில்லை. இந்த இடத்தில் வகுப்பு எப்போதும் சிரிக்கும்.

அதே பத்தியிலேயே மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடுவதில்லையாம். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பல் விற்கும்! இந்த நாட்டில் குதிரை இனவிருத்தி ஆகாது, பலமுறை முயன்று பார்த்தும் நடக்கவில்லை என்றும் சொல்கிறார். இந்த இரண்டையும் நான் படித்தேன், வகுப்பில் வேகமாகத் தாண்டிவிட்டேன். சிரிப்பு வரும் இடத்தில் மட்டும் நின்றேன். பாண்டியன் குதிரைகளைப் பொடிக்கொசு கொன்றது என்று இப்போது புதுக்கதை கட்ட வரவில்லை. வறண்ட பாரசீகக் கரையிலிருந்து கப்பலில் வந்து, நம் ஈரத்தில், நம் பூச்சிகளுக்கு நடுவே, பழக்கமில்லாத உடம்போடு இறங்கிய குதிரைகள் அவை. சரக்கை விற்ற பக்கத்தின் சாட்சியை மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கியவன் வீட்டுக் குதிரைக்காரனுக்கு நான் தீர்ப்பு எழுதியிருக்கக் கூடாது.

1984ல், பதினொன்றாம் வகுப்பில், இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒரு படி மேலே போனேன். "ஏன் அவ்வளவு தூரம் போகணும்? ரயிலடி ஸ்டாண்டுல அந்த வெள்ளைக் குதிரையப் பாருங்க. வாலுல மயிர் இல்ல, கழுத்தெல்லாம் புண்ணு. எழுநூறு வருஷமா நம்ம ஆளு மாறவே இல்ல" என்றேன். வகுப்பு சிரித்தது. மூன்றாம் பெஞ்சில் ஒரு பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வெள்ளைக் குதிரை அவன் அப்பாவுடையது. எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். அந்த நிமிஷம் மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை, ஆனால் அவன் தலை குனிந்ததும் ஞாபகம் வந்தது. வந்த பிறகும் நான் நிறுத்தவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் அவன் அப்பா வாசலில் வண்டியோடு நின்றார். கோபமாக இல்லை. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "சார், பையன் சொன்னான். நான் ராஜாவக் குளிப்பாட்டாம வெச்சுக்கல சார். தெனம் ஆத்துலதான் குளிப்பாட்டறேன். ஐப்பசி மழ வந்தா இது வருது, மாசி பொறந்தா அடங்குது. பகல்ல நல்லா இருக்கும் சார், வெளக்கு வெக்கிற நேரத்துலதான் ஒதறும். அதான் மூட்டம் போட்டு வேப்பெண்ணெ தடவி வெக்கறேன். மத்த குதிரைக்கெல்லாம் வரல, இதுக்கு மட்டும் வருது. என்னான்னு தெரியல, நீங்க படிச்சவங்க, சொன்னா கேட்டுக்கறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கார்பாலிக் சோப்பு போட்டுச் சுத்தமா வெச்சுக்கய்யா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன். சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

பருவம், பொழுது, ஒரு குதிரைக்கு மட்டும் வருவது, மூன்றையும் அந்த மனிதர் தானே கவனித்து வைத்திருந்தார். ரீக் எழுதி முப்பது வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பள்ளி நூலகத்தில் அது இருந்திருக்காதுதான். ஆனால் அவரிடம் "விளக்கு வைக்கிற நேரமா? அப்படியா?" என்று ஒரு கேள்வி கேட்க எந்த நூலகமும் தேவையில்லை. அவர் தடவிய வேப்பெண்ணெய்க்கு 2004ல் ஒரு சான்று கிடைத்தது. ஸ்காட்லாந்தில் மனிதரைப் பிய்த்தெடுக்கும் பொடிக்கொசுவை வைத்துச் சோதனைச்சாலையில் பார்த்தார்கள். வேம்பின் சாறு பட்ட இடத்தை விட்டு அது விலகிப்போனது, ரத்தம் குடிப்பதும் குறைந்தது. அந்த லாயத்துக்கு இரண்டு பக்கமும் மாட்டுக்கொட்டகை, பின்னால் வாய்க்கால். அங்கே மூட்டமும் வேப்பெண்ணெயும் போடாமல் இருந்திருந்தால் ராஜாவுக்குத் தோலே மிஞ்சியிருக்காது.

அந்தப் பையன் அதன் பிறகு என் வகுப்பில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு தேறினான். வரலாற்றில் நல்ல மதிப்பெண்தான். திருப்பூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான் என்று பத்து வருஷம் முன்பு யாரோ சொன்னார்கள். அப்பா தவறிவிட்டார் என்றும் கேள்வி.

1984-86 பேட்ச் பிள்ளைகளே, நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைப் பின்னூட்டத்தில் போட வேண்டாம். அவன் எண் யாரிடமாவது இருந்தால் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். நேரில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், திருப்பூருக்குப் பேருந்து ஏறும் அளவுக்கு முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது.

டென்மார்க் மாணவிக்கு: உன் மகளிடம் சொல்லம்மா, அந்தப் போர்வையில் கிழிசல் இருந்தால் அன்றைக்கே தைத்துவிடச் சொல். மாலையில் விளக்கு வைக்கும் முன்னே குதிரையை உள்ளே கட்டிவிடச் சொல். இதை எனக்குச் சொன்னது ஒரு ஜட்காக்காரர் என்றும் சொல்.